யாரும் ஏற்றிக்கொள்ளாத நாள்

எங்கள் ஊரில் ஒருவர் சாலையில் ஓடினால் மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். பஸ் கிளம்பிவிட்டது, நாய் துரத்துகிறது, இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. நான்காவதாகவும் ஒரு காரணம் உண்டு என்பதை விருத்தாசலம் ஊருக்குப் புரியவைக்க ஒரு மழைக்காலமும் பனிக்காலமும் முயன்று பார்த்தேன். தோற்றுப்போனேன். தோற்றதும் நல்லதுக்குத்தான்.

நான் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் சாமான்களைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பது என் வேலை. கணீரென்று கேட்டால் நல்ல சரக்கு. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது, ஓரமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார். "உன்ன தட்டுனா ரெண்டு சத்தமும் வரும். ஆரம்பத்துல கணீரு, பாதில மொத்து" என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்தேன், ஹையர் பக்கம் போகவில்லை. இந்தி பரீட்சை இரண்டு எழுதினேன், மூன்றாவதற்குப் பணம் கட்டிவிட்டுப் போகவில்லை. தையல் வகுப்பில் சேர்ந்து தைத்த ஜாக்கெட் ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது, அதற்கு ஒரு கைதான். மாடியில் தோட்டம் போட்டேன், தொட்டிகளில் இப்போது மழைத் தண்ணீர் நிற்கிறது. ஆரம்ப சூரத்தனம் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதைச் சுருக்கி எனக்குப் பேராகவே வைத்துவிட்டார்கள்: சூரி.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒரு நாள் ரயில்வே கேட் பக்கம் ஒரு செவலை நாய் துரத்தியதில் நடை ஓட்டமானது. நாய் நின்ற பிறகும் நான் நிற்கவில்லை. மூச்சு வாங்கியது, இடுப்பு பிடித்தது, ஆனால் உள்ளுக்குள் என்னவோ ஒரு குஷி. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் ஓடியதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதைச் சென்னையில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னதுதான் தாமதம், மார்கழிக் கடைசியில் புதுச்சேரியில் நடக்கும் மாரத்தானுக்கு என் பேரைப் பதிந்துவிட்டாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

"பாதி தூரம்கூட வச்சிருப்பாங்களாமே, அத போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"பாதிய போட்டா நீ அதுலயும் பாதில நிப்பம்மா. அதான் முழுசா போட்டேன்" என்றாள். பெற்ற பெண்ணே இப்படி என்றால் ஊரை என்ன சொல்வது.

ஐப்பசி மழையில் பயிற்சி ஆரம்பித்தது. மழைக்காலத்தில் எங்கள் கம்பெனியில் பச்சை மண் சாமான் சீக்கிரம் காயாது. காயாததைச் சூளையில் ஏற்ற முடியாது என்பதால் வேலையும் மந்தமாகவே இருக்கும். விடிவதற்கு முன் எழுந்து சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஓடுவேன். இரண்டு பக்கமும் நடவு வயல், தவளைச் சத்தம், முகத்தில் சாரல். வேப்பூர் ரோட்டில் ஒரே ஒரு நாள் ஓடினேன். லாரிக்காரர்கள் அடித்த ஹாரனில் காது அடைத்ததுதான் மிச்சம்.

மழையைச் சமாளித்தேன், சேற்றைச் சமாளித்தேன். மனிதர்களின் நல்ல மனசைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒரு பெண் விடியற்காலையில் தனியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் சும்மா போக மாட்டார்கள். பால்காரர் தினமும் வண்டியை நிறுத்துவார்.

"ஏறுங்கக்கா. எங்க போவணும்?"

"எங்கயும் போவலீங்க. சும்மா ஓடறேன்."

"சும்மா யாருக்கா ஓடுவாங்க? வெக்கப்படாம ஏறுங்க, கேன தள்ளி வச்சிக்கறேன்."

டி.வி.எஸ். வண்டிக்காரர், மீன்கூடை வைத்த சைக்கிள்காரர், ஸ்கூல் வேன் டிரைவர் என்று நிறுத்தாத ஆள் இல்லை. ஒரு ஆட்டோக்காரர் கூடவே வந்து, "காசு வேணாம்மா, எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சினார். ஸ்ரீமுஷ்ணம் போகும் பிரைவேட் பஸ் கண்டக்டர் ஒருவர் என்னைப் பார்த்தால் போதும், விசில் அடித்துப் பஸ்ஸையே நிறுத்திவிடுவார். நான் கையை ஆட்டி வேண்டாம் என்பேன். உள்ளேயிருந்து எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். இப்படி நின்று நின்று பதில் சொல்லியே என் பயிற்சி பாதி கெட்டது.

மார்கழி பிறந்ததும் வேறு தொல்லை. பனி இறங்கியிருக்கும், கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும், தெரு முழுக்கக் கோலம். வாசலை அடைத்து, ரோட்டைத் தொட்டு, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ வேறு. மிதித்தால் பாவம், மிதிக்காமல் ஓட இடமில்லை. நுனிக்காலில் தாண்டித் தாண்டிப் போவேன். "யம்மா, கோலம் கோலம்!" என்று கோலப்பொடிக் கிண்ணத்தோடு பெண்கள் அலறுவார்கள். அந்த மாதம் என் காலில் ஏறிய வலுவுக்குக் காரணம் எங்கள் தெருக் கோலங்கள்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் கூரியரில் ஒரு பை வந்தது. நெஞ்சில் குத்திக்கொள்ள நம்பர் அட்டை, போட்டுக்கொள்ள ஒரு பனியன். நல்ல மஞ்சள், பசு மஞ்சள். அதை வாசல் கொடியில் காயப்போட்டு நாலு பேர் கேட்கும்படி செய்தேன்.

அப்புறம் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. டி.வி.யில் சிவப்பு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் போனில் செய்தி வந்தது: கடற்கரையில் பலத்த காற்று, நாளைய ஓட்டம் ரத்து.

நான் பனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். "வுடு. இந்த தடவ நீயா வுடல. மழை வுட வச்சிடுச்சி. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கை ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் இந்த மஞ்சள் பனியனும் மடித்துக் கிடக்கப்போகிறது, அதற்கு மட்டும் ஒரு நல்ல சாக்கு இருக்கப்போகிறது, அவ்வளவுதானே. இரவெல்லாம் ஓட்டில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் புதுச்சேரியில் மட்டும்தான் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வந்தது. ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட சரியாக வரும். குறைவதை ஊருக்குள் சுற்றிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். காற்று கடற்கரையில்தான், இங்கே வெறும் மழை.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். மஞ்சள் பனியன், நம்பர் அட்டை, தலைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், போனுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். "என்னா, நெசமாவா?" என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

பாலக்கரை தாண்டி ஊர் எல்லை முடிந்ததும் ஏதோ ஒன்று வித்தியாசமாகப் பட்டது. யாரும் வண்டியை நிறுத்தவில்லை. பால்காரர் எதிரில் வந்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போனார். ஒரு டிராக்டர்காரர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். அப்பாடா, ஊருக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று பெருமையோடு ஓடினேன்.

பாதி வழியில் ஒரு சின்ன ஊர். ரோட்டோரம் தகரக்கூரை போட்ட டீக்கடை. கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது கையில் ஒரு குடம். நான் கிட்டே போனதும் குறுக்கே வந்து, "செத்த நில்லுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே குடத்துத் தண்ணீரை அப்படியே என் காலில் ஊற்றினார். மஞ்சள் கரைத்த தண்ணீர், வேப்பிலை மிதந்தது. அதுவரை மழையில் அரைகுறையாக நனைந்திருந்த ஷூ, இப்போது உள்ளே வரைக்கும் சொதசொதவென்று ஆகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்கழி மாதம், மஞ்சள் துணி, பெருமாள் கோயில் ரோடு, கொட்டுகிற மழை. வேண்டுதல்!

"ஐயோ, இது வேண்டுதல் இல்லீங்க. மாரத்தான். ஓட்டப் பந்தயம்."

"பந்தயம்னா கூட ஓடறவங்க எங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். காலி ரோடு, இரண்டு ஆடு.

"வெளிய சொல்லக்கூடாதுதான், எனக்குத் தெரியாதா? சொன்னா பலிக்காது" என்று அவரே முடித்துவிட்டார். நான் மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பெருமாள்கிட்ட எனக்காவ ஒண்ணு கேளுங்கக்கா. எம் பொண்ணு நர்சிங் படிச்சிக்கிட்டு இருந்துது. ரெண்டு பேப்பர் போயிடுச்சின்னு வெக்கப்பட்டு வூட்டுக்கு வந்தது, வந்ததுதான். ரூம வுட்டு வர மாட்டேங்குது. படிப்ப பாதில வுடக்கூடாது, முடிக்கணும்னு கேளுங்க. வரும்போது ஒரு துளசி கொண்டாங்க, போதும்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

இந்த வேண்டுதலைச் சுமந்துபோக ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நான் சூரி என்பது இவருக்குத் தெரியாது. நிழலே தராத நெட்டிலிங்க மரத்திடம் நிழல் கேட்டது போலத்தான். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினேன்.

கோயில் வாசலைத் தொட்டுவிட்டு உடனே திரும்புவதுதான் என் திட்டம். அது இப்போது முடியாது. ஊறிப்போன ஷூ கயிற்றை விறைத்த விரல்களால் அவிழ்க்கவே ஒரு யுகம் ஆனது. உள்ளே கூட்டமில்லை. சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பட்டாச்சாரியார் ஏற இறங்கப் பார்த்தார், பிறகு ஒரு கை துளசியைத் தாராளமாகவே கொடுத்தார். பெருமாளிடம் டீக்கடைக்காரர் மகளுக்காகக் கேட்டேன். கூடவே, "எனக்கும் அதேதான்" என்று சேர்த்துக்கொண்டேன். துளசியைப் போன் கவருக்குள் வைத்துக் கட்டினேன்.

நின்றதுதான் தப்பு. சூடாக இருந்த கால் குளிர்ந்துவிட்டது. திரும்பும்போது மழை முகத்துக்கு நேராக அடித்தது. ஸ்ரீமுஷ்ணம் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வலது கெண்டைக்கால் சதை கல் மாதிரி இறுகி ஏறிக்கொண்டது. ஒரு அடி வைத்தால் உயிர் போனது. மைல்கல்லில் உட்கார்ந்தேன். குளிர், வலி, பசி. என் உள்ளே அந்தப் பழக்கமான சத்தம் கேட்டது, மொத்தென்று. போதும். மழை, சுளுக்கு, வயசு, எல்லாச் சாக்கும் கையில் இருக்கிறது. யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

அந்த நேரம் பார்த்து அதே பிரைவேட் பஸ் வந்தது. எழுந்து, வெட்கத்தை விட்டுக் கையைக் காட்டினேன். பஸ் நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி என் பனியனைப் பார்த்தார்.

"யக்கா, வேண்டுதலா? அப்ப ஏறக்கூடாதுக்கா. நடுவுல ஏறுனா பலன் போயிடும்."

"வேண்டுதல் இல்லப்பா! கால் புடிச்சிக்கிச்சி. ஏத்திக்க!"

"சோதன அப்டித்தான்க்கா வரும். தாண்டிடணும். ரை ரைட்!"

உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பஸ் போய்விட்டது. இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றபோது நிறுத்திய அதே மனிதர்! அடுத்து வந்த டி.வி.எஸ். வண்டிக்காரரும் "பாவம் எனக்கு வேணாம்மா" என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நடு ரோட்டில் நின்று அந்த மஞ்சள் பனியனைத் திட்டினேன். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "டீக்கடைக்கு வாங்க. வந்து கூட்டிக்கிட்டு போங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வரேன்" என்று மட்டும் சொன்னார். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

காலை இழுத்து இழுத்து டீக்கடைக்கு வந்து சேர்ந்தேன். கடைக்காரப் பெண் துளசியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் காலைப் பார்த்ததும், "பாப்பா! இங்க வந்து பாரு!" என்று உள்பக்கம் திரும்பிக் கத்தினார்.

தலைவாராத ஒரு பெண் எட்டிப் பார்த்தது. என் காலைக் கண்டதும் அதன் முகமே மாறிவிட்டது. "யாரும் தேய்க்காதீங்க!" என்று அம்மாவை விலக்கிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தது. குதிகாலை ஒரு கையில் தாங்கி, பாதத்தை மறு கையால் மெல்ல என் பக்கமாக வளைத்துப் பிடித்தது. "மூச்ச அடக்காதீங்க. மெதுவா வுடுங்க." சதை இளகிக் கீழே இறங்கியது. எனக்குப் போன உயிர் வந்தது. உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து ஒரு சொம்பு கொடுத்தது. எனக்குச் சர்க்கரை என்று சொன்னதும் என்ன மாத்திரை, எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒரு நர்ஸ் கேட்பதுபோலவே கேட்டது.

"இவ்ளோ தெரியுது, அப்புறம் ஏன் வுட்டுட்டு வந்த?" என்றேன்.

"எனக்கு எதயும் முடிக்க வராதுக்கா" என்றது, தலையைக் குனிந்துகொண்டு.

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்த வயதில் சொல்ல ஆரம்பித்து, சொல்லிச் சொல்லியே அதை எனக்கு ஒரு பேராக ஆக்கிக்கொண்டேன். அதற்கு என்ன பதில் சொல்வதென்று யோசிப்பதற்குள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மழைக்கோட்டில் என் வீட்டுக்காரர்.

கடைக்காரப் பெண் விறுவிறுவென்று போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "சார், ஏத்தாதீங்க சார். வேண்டுதல பாதில நிறுத்தக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், காலடியில் கிடந்த வேப்பிலையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. சிரிக்காமல் சொன்னார்: "ஆமாங்க, வேண்டுதல்தான். ஆரம்பிச்சத ஒரு தடவயாவது முடிக்கணும்னு. வேண்டிக்கிட்டது நானு, ஓடறது இவ." பிறகு என்னிடம், "ஏறறதுன்னா ஏறு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இனிமே சூரின்னும் கூப்புட மாட்டேன்" என்றார்.

பின்சீட்டைத் துண்டால் துடைத்துக்கூட வைத்திருந்தார். நான் சீட்டைப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மாதிரி பயபக்தியோடு அல்ல, நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள.

"ஓடலாமா?" என்று அதனிடம் கேட்டேன்.

"ஓட வேணாம். நடந்து போங்க. திரும்ப புடிச்சா நின்னு நான் காட்டுன மாதிரி இழுத்துட்டு நடங்க. மயக்கமா வந்தா மட்டும் உடனே வண்டில ஏறிடணும்." கொஞ்சம் தயங்கி, "முடிச்சீங்கன்னா எனக்கு சொல்லுவீங்களா?" என்றது. என் போனை வாங்கித் தன் நம்பரைத் தானே போட்டுக்கொடுத்தது.

நடந்தேன். நடை சரியானதும் மெல்ல ஓடினேன். பிடித்தது, நின்றேன், இழுத்துவிட்டேன், மறுபடி நடந்தேன். பின்னால் ஸ்கூட்டர் விளக்கைப் போட்டுக்கொண்டு உருண்டு வந்தது. என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் "வேண்டுதல்" என்று சொல்லிக்கொண்டே வந்தார் அந்த மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஊருக்குள் வந்ததும், குறைந்த தூரத்தைச் சரிக்கட்ட எஸ்டேட் வரை போய்த் திரும்பினோம். புதுச்சேரியாக இருந்தால் பந்தலைப் பிரித்துக்கொண்டு போயிருப்பார்கள், அவ்வளவு நேரம் ஆகிவிட்டது. எங்கள் வாசலில் காலையில் போட்ட கோலம் மழையில் கரைந்து ஒரு வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. அதன்மேல் இரண்டு காலையும் வைத்து நின்றேன். முடித்துவிட்டேன். வாழ்க்கையில் ஒன்றை முடித்துவிட்டேன். வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு அவரும் மூக்கை உறிஞ்சினார், மழை ஜலதோஷம் என்றார்.

மஞ்சள் கறை படிந்த ஷூவைப் படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். "முடிச்சுட்டேன். எனக்கும் வராதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்று எழுதினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு நாள், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்காக அதே பஸ்ஸில் ஸ்ரீமுஷ்ணம் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். டீக்கடையைத் தாண்டியதும் பின்னால் கூச்சல். கடைக்காரப் பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் டீ வடிகட்டியோடு, பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தார். கண்டக்டர் பதறி விசில் அடித்தார். பஸ் நின்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னாம்மா, யாருக்கு என்னா ஆச்சி? ஏறு, ஏறு!"

அவர் ஏறவில்லை. என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"ஒண்ணும் ஆவலீங்க" என்றார் சிரித்துக்கொண்டே. "பாப்பா காலேஜுக்கு போயிட்டுது."